கண்ணுக்கு நேரே வரும் பலகை

மனிதக் கண்குழியின் வாய் சுமார் 4 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம். அதற்குள் 2.4 செ.மீ. விட்டமுள்ள விழி உட்கார்ந்திருக்கிறது. மேலே புருவ எலும்பு, கீழே கன்ன எலும்பு, உள்பக்கம் மூக்கெலும்பு என்று காவல் பலமாகத்தான் இருக்கிறது. கைமுட்டியோ கூடைப்பந்தோ முகத்தில் மோதினால் முதல் அடியை இந்த எலும்புகள் வாங்கிக்கொள்ளும். விழி பெரும்பாலும் தப்பிவிடும். அலைச்சறுக்குக்குப் பயன்படும் ஷார்ட்போர்டு என்ற குட்டைப் பலகையின் முனை வேறு விதம். அது விரல்நுனி அளவுக்குக் குறுகி முடிகிறது. எலும்பின் விளிம்பைத் தொடாமலே நேராக விழிக்குள் போய்விடும்.

அலைச்சறுக்கில் நேரும் கண் காயங்களைப் பற்றி மருத்துவர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர்கள் 1986இலேயே, பலகையால் கண்ணில் அடிபட்டவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1998இல் சான் பிரான்சிஸ்கோவின் விழித்திரை மருத்துவர்கள் தங்களிடம் வந்த 11 பேரின் நிலையை ஆராய்ந்து எழுதினார்கள். 11 பேரும் ஆண்கள். பெரும்பாலும் இருபதுகளின் வயதினர். அவர்களில் பலரைக் குத்தியது அவரவர் பலகையின் கூர்முனைதான். 2008இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து இதே மாதிரியான கடுமையான காயங்களை மறுபடி பதிவு செய்தார்கள். நாடு வேறு, ஆண்டு வேறு, கடல் வேறு. குற்றவாளி மாறவில்லை. மருத்துவர்கள் சொன்ன தீர்வும் மாறவில்லை: முனையை மழுக்குங்கள், அல்லது அதற்கு ரப்பர் உறை போடுங்கள். இவ்வளவு எளிய யோசனையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதுதான் இந்தத் துறையின் வருத்தமான பக்கம்.

எண்ணிக்கையைப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். அலைச்சறுக்குக் காயங்களைப் பற்றி இன்றுவரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர் ஆண்ட்ரூ நாதன்சனும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்டது. இணையம் வழியாக 1,348 பேரிடம் கேட்டு, 1,237 திடீர்க் காயங்களைத் தொகுத்தார்கள். அதில் 42 சதவீதம் வெட்டுக் காயம். தலையிலும் கழுத்திலும் பட்டவை 37 சதவீதம். காயம் எதனால் என்று பார்த்தால், சொந்தப் பலகை 55 சதவீதம், அடுத்தவர் பலகை 12 சதவீதம், கடலடித் தரை 17 சதவீதம். அலையே நேரடியாக அடித்துக் காயப்படுத்துவது குறைவு. கூட எடுத்துச் செல்லும் பொருள்தான் திரும்பி வந்து தாக்குகிறது.

இது தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு. அடிபட்டவர்களுக்குத்தான் சொல்வதற்குக் கதை இருக்கும் என்பதால் காயங்கள் கொஞ்சம் கூடுதலாகவே பதிவாகியிருக்கலாம். கண்ணை இழந்து கடலையே விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வராமலும் போயிருக்கலாம். அதே குழு 2007இல் உலகப் போட்டிகளில் நேர்ந்த காயங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தது. தலைக்கு மேல் உயரும் அலைகளிலும், பாறை, பவளப்பாறை போன்ற கடினமான தரையின் மேலும் சறுக்கும்போது காயத்தின் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று அது காட்டியது. மொத்தக் காயங்களில் கண் காயங்கள் சிறு பங்குதான். ஆனால் காலில் விழுந்த வெட்டு பத்து நாளில் ஆறும். கிழிந்த விழித்திரையை அந்தக் கணக்கில் வைக்க முடியாது. கண்ணைப் பொறுத்தவரை எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதைவிட, நேர்ந்தால் எதை இழக்கிறோம் என்பதற்கே அதிக எடை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடி விழும்போது கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதைச் சுற்றியிருக்கும் வெண்விழிச் சுவர் கண்ணை அசைக்கும் தசைகள் ஒட்டும் இடத்துக்குப் பின்னால் இன்னும் மெலிந்து, சுமார் 0.3 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. விழிக்குள் நிறைந்திருக்கும் திரவம் அழுத்தினால் சுருங்காது. முனை முன்னாலிருந்து குத்தும்போது விழி முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. அந்த நொடியில் மிக மெலிந்த இடம் எதுவோ அங்கே வெடிக்கிறது. முன்பு எப்போதோ அறுவை செய்து தைத்த இடம் இருந்தால் அதுதான் முதலில் பிரியும். உள்ளிருக்கும் பிசின் போன்ற விழிநீர்மமும் சில சமயம் விழித்திரையுமே வெளியே பிதுங்கி வந்துவிடும். இந்த நிலையில் பார்வையை முழுதாக மீட்க மருத்துவத்திடம் வழி குறைவு.

விழி வெடிக்காமல் தப்பினாலும் ஆபத்து முடிந்துவிடாது. கருவிழிக்குப் பின்னால் இரத்தம் தேங்கலாம். லென்ஸ் தன் இடத்திலிருந்து நழுவலாம். விழித்திரையின் ஓரம் கிழியலாம். கண்குழியின் தரை எலும்பு காகிதம் போல மெல்லியது. அது உடைந்து, விழியைக் கீழ்நோக்கித் திருப்பும் தசை அந்தப் பிளவில் சிக்கிக்கொள்ளலாம். அப்போது அண்ணாந்து பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், வயிற்றைப் புரட்டும். குழந்தைகளிடம் இது இன்னும் ஏமாற்றும். கண் வெளியே சிவக்காமல் சாதாரணமாக இருக்கும், பிள்ளை வாந்தி மட்டும் எடுக்கும். தலையில் அடிபட்டதால் வாந்தி என்று நினைத்துக் கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. சிக்கிய தசையைச் சீக்கிரம் விடுவிக்காவிட்டால் அது நிரந்தரமாகப் பாழாகும்.

பலகை எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு லீஷ் என்ற கால்கயிற்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கம் வரை சறுக்குபவர் விழுந்தால் பலகை தனியாகக் கரைக்குப் போய்விடும். நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். வழியில் குளிப்பவர்களையும் குழந்தைகளையும் அது இடிக்கும். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸைச் சேர்ந்த பாட் ஓ'நீல் 1971இல் பலகையையும் தன்னையும் ஒரு கயிற்றால் இணைத்தார். மருத்துவமனைகளில் பயன்படும் ரப்பர் குழாய்தான் அந்தக் கயிறு. மற்ற சறுக்கு வீரர்கள் கேலி பேசினார்கள். கத்துக்குட்டிகளுக்கான கயிறு என்றார்கள். அவருடைய தந்தை ஜாக் ஓ'நீல், குளிர்கடலில் அணியும் வெட்சூட்டை உலகறியச் செய்தவர், 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் முதல் சர்ஃப் கடையைத் திறந்தவர். அதே 1971இல் அந்த ரப்பர் கயிறு இழுபட்டு நீண்டு, பலகையை அம்பு போல ஜாக்கின் முகத்துக்கே திருப்பி அனுப்பியது. இடது கண் போயிற்று. அதன்பின் 2017இல் 94 வயதில் மறையும் வரை அவர் முகத்தில் கறுப்புக் கண்பட்டை இருந்தது. அந்த முகம் அவருடைய நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கடலோடியின் வீரச் சின்னமாக அதை உலகம் ரசித்தது. எனக்கோ அது ஒரு பொறியியல் தவறுக்குக் கொடுத்த விலையாகவே தெரிகிறது.

இன்றைய லீஷ் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, ரப்பர் குழாய் போல நீளாது. பலகையின் முனையில் கட்டாமல் வால்பகுதியில் கட்டுகிறார்கள். இரண்டும் நல்ல திருத்தங்கள். ஆனாலும் பெரிய அலை பலகையை இழுத்துப் போகும்போது லீஷ் கொஞ்சமாவது நீளும், பிறகு சுருங்கும். இரண்டரை, மூன்று கிலோ பலகை வேகமாகத் திரும்பும். லீஷ் பலகையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற பொது விதி இதனால்தான். குட்டையான கயிறு பலகையை உங்கள் தலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும். பழைய லீஷில் கீறலோ வெளுப்போ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். லீஷே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. கூட்டமான கடற்கரையில் அதை என்னால் ஏற்க முடியாது. தன் கண்ணைக் காக்க அடுத்தவர் தலைமேல் பலகையை அவிழ்த்துவிடுவது நியாயமில்லை.

பலகையின் உருவமும் இந்தக் காலத்தில்தான் மாறியது. 1960களின் இறுதிவரை ஒன்பது, பத்து அடி நீளமும் உருண்ட முனையுமாக இருந்த பலகைகள் சில ஆண்டுகளில் ஏழு அடிக்கும் கீழே குறுகின. சட்டென்று திரும்பும் வித்தைகள் வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் முனை ஊசியாகியது. 1980களில் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் பரவலாக்கிய மூன்று ஃபின் அமைப்பு வந்ததும், அடிப்பக்கம் ஒரு துடுப்புக்குப் பதில் மூன்று கூரான துடுப்புகள் ஆயின. சறுக்கலின் அழகு கூடியது உண்மை. கூடவே கண்ணைக் கிழிக்கக்கூடிய விளிம்புகளும் கூடின.

மற்ற விளையாட்டுகள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன? கனடாவின் ஐஸ் ஹாக்கிதான் எல்லோரும் காட்டும் உதாரணம். டொராண்டோ கண் மருத்துவர் டாம் பாஷ்பி 1974-75 பருவத்தில் மட்டும் 257 கண் காயங்களைக் கணக்கெடுத்தார். 43 கண்கள் பார்வை இழந்திருந்தன. அவருடைய விடாத முயற்சியால் முகக்கவசத்துக்குத் தரநிர்ணயம் வந்தது, சிறுவர் ஆட்டங்களில் அது கட்டாயமானது. தரச்சான்று பெற்ற முழு முகக்கவசம் அணிந்தவர்களிடம் பார்வையிழப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. கண் பாதுகாப்பு வரலாற்றில் இதைவிடத் தெளிவான வெற்றி அரிது.

அலைச்சறுக்கில் இதை அப்படியே செய்ய முடியாததற்குக் காரணங்கள் உண்டு. ஹாக்கிக்குச் சங்கம் உண்டு, மைதானம் உண்டு, கவசம் இல்லாதவனை வெளியேற்ற நடுவர் உண்டு. கடலுக்கு வாசல் இல்லை. கண்ணாடி அணிந்தால் அலை அடித்துப் பிடுங்கும், உள்பக்கம் ஆவி படியும், வெளிப்பக்கம் துளிகள் நிற்கும். வருகிற அலையின் முகட்டைப் பார்க்க முடியாத கண்ணாடியே புதிய ஆபத்தாகிவிடும். தலைக்கவசம் மண்டையைக் காக்கும். முகத்தடுப்பு இல்லாத கவசம் கண்ணைக் காக்காது. நீர் விளையாட்டுக்கென்றே பட்டையும் காற்றோட்டத் துளையும் வைத்த பாலிகார்பனேட் கண்ணாடிகள் இப்போது கிடைக்கின்றன; முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர், விழித்திரைக்கோ கருவிழிக்கோ அறுவை செய்துகொண்டவர் ஆகியோர் அதை அணியாமல் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்கு அது நல்லது என்று சொல்லலாம், அணியச் செய்வது கடினம். வீட்டில் அணியும் சாதாரணக் கண்ணாடியுடன் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். அது உடைந்தால் துண்டே கண்ணுக்குள் போகும்.

ஆகவே நம் கவனம் முதலில் பலகைக்குப் போக வேண்டும். மனிதனின் பழக்கம் தினமும் மாறும். ஒருநாள் கண்ணாடி போடுவான், மறுநாள் மறப்பான். ஒருமுறை மழுக்கிய முனை எல்லா நாளும் மழுங்கியே இருக்கும். நோஸ் கார்டு என்ற ரப்பர் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் எளிமை ஆச்சரியப்படுத்தும். விரல் தொப்பி போன்ற ஒரு சிறு உறை. எடை சில கிராம். பலகையின் முனையில் மெழுகும் உப்பும் போகத் துடைத்து, சொரசொரப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்த்து, சிலிக்கோன் பசை தடவி மாட்டி, ஒட்டுநாடாவால் இழுத்துக் கட்டி ஓர் இரவு விட்டால் போதும். ஊசிமுனை இப்போது கட்டைவிரல் அளவுக்கு உருண்டுவிட்டது. கண்குழி முழுவதையும் அது அடைக்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பலமான அடியில் விழி நசுங்கத்தான் செய்யும். ஆனால் விசை பரவும், துளைக்கும் காயம் குறையும், உறையின் மென்மை அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஃபின்களின் பின்விளிம்புக்கும் இப்படி ரப்பர் ஓரம் வைத்தவை உண்டு. சறுக்கும் வேகம் குறையுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பலகையின் முனை பெரும்பாலான நேரம் தண்ணீரைத் தொடுவதே இல்லை. அங்கே அரை அங்குலம் உருண்டிருப்பதால் ஒருவருடைய சறுக்கல் கெட்டுவிடும் என்று நம்புவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

விழும் முறையும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. நிற்கக் கற்பதற்கு முன்பே விழக் கற்றுத் தரும் ஆசிரியரை நம்பலாம். பலகைக்கு முன்னால் விழாமல் பின்னாலோ பக்கவாட்டிலோ, தலைகீழாகப் பாயாமல் உடலைத் தட்டையாக்கி விழ வேண்டும். நீருக்குள் போனதும் இரண்டு முழங்கைகளும் முகத்துக்கு முன்னால் வர, உள்ளங்கைகள் தலையை மூட வேண்டும். உடனே மேலே வரத் துடிக்கக் கூடாது. பலகை தன் துள்ளலை முடித்துக்கொள்ள ஒன்றிரண்டு நொடி கொடுத்துவிட்டு, ஒரு கை முகத்துக்கு முன்னால் இருக்க மெதுவாக மேலே வர வேண்டும். கண் காயங்களில் பல, விழுந்தவர் நீருக்கு வெளியே தலையைத் தூக்கும் அந்தக் கணத்தில்தான் நேர்கின்றன. லீஷைப் பிடித்துப் பலகையை வேகமாக முகத்தை நோக்கி இழுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கரையோரம் முழங்கால் நீரில் நடக்கும்போது பலகையைத் தனக்கும் வரும் அலைக்கும் நடுவில் பிடிக்கக் கூடாது. சிறிய நுரையலை கூட அதைத் தூக்கி முகத்தில் அறையும். ஓர் அலைக்கு ஒருவர் என்ற வழக்கத்தை மரியாதைக்கான விதி என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அடுத்தவர் பலகையால் வரும் காயங்களைத் தடுப்பதும் அதுதான்.

அடிபட்டுவிட்டால் கரையில் இருப்பவர்கள் செய்யக் கூடாதவையே அதிகம். பார்வை மங்கியிருக்கிறது, கருவிழியின் பாவை வட்டம் குலைந்து கண்ணீர்த்துளி போல இழுபட்டிருக்கிறது, கண்ணிலிருந்து கறுப்பாகவோ பிசினாகவோ ஏதோ எட்டிப் பார்க்கிறது என்றால் விழி கிழிந்திருக்கக்கூடும். அந்தக் கண்ணைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள், இமையை வலிந்து திறக்காதீர்கள். பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதுதான் மிகவும் கெடுதல். காகித டீ கப்பின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, அதன் விளிம்பு எலும்பின் மேல் உட்காரும்படி, கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டுங்கள். அடிபட்டவரைத் தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்து உட்கார வையுங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. கண்குழி எலும்பு உடைந்திருந்தால் காற்று உள்ளே புகும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை தர வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய நேரிடும் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தர வேண்டாம். கிழிந்த விழியை 24 மணி நேரத்துக்குள் தைத்துவிடுவது உள்ளே தொற்று பரவும் ஆபத்தைக் குறைக்கும். டெட்டனஸ் ஊசியை மருத்துவமனையில் நினைவுபடுத்துங்கள். வெறும் மணல் விழுந்தது, உப்புநீர் எரிகிறது, சன்ஸ்கிரீன் வழிந்தது என்றால் கதை வேறு. அப்போது தேய்க்காமல் சுத்தமான நீரால் தாராளமாகக் கழுவலாம். சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் தோலுக்கு வினிகர் ஊற்றும் பழக்கம் சில கடற்கரைகளில் உண்டு. கண்ணருகே வினிகர் போகவே கூடாது.

வலி போய்விட்டது, பார்வை தெளிந்துவிட்டது என்று திரும்பிவிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மழுங்கிய அடியால் விழித்திரையில் விழும் கிழிசல் இளைஞர்களிடம் மெதுவாகவே விலகலாக மாறும். விழிக்குள் இருக்கும் பிசின் அந்த வயதில் கெட்டியாக இருந்து அதைத் தாங்கிப் பிடிப்பதால் வாரங்களும் மாதங்களும் கழித்துத்தான் மின்னல் வெட்டும், கரும்புள்ளிகள் மிதக்கும், ஓரத்திலிருந்து திரை இறங்கும். கண்ணுக்குள் திரவம் வடியும் கோணம் அடியில் கிழிந்திருந்தால், பத்து இருபது ஆண்டுகள் கழித்துக்கூட கண் நீர் அழுத்தம் உயரலாம். அது வலிக்காது. கண்ணில் ஒருமுறை பலமாக அடிபட்டவர் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது ஆயுள் முழுவதற்குமான வேலை.

இதுவரை சொன்னது ஒரு நொடியில் நேர்வது. இருபது ஆண்டுகளில் நேரும் காயம் ஒன்று உண்டு. கடலோடு வாழ்பவர்களின் கண்ணில், மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சதை முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர்கள் டெரிஜியம் என்பார்கள். நம் ஊரில் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது என்போம். அலைச்சறுக்கு நாடுகளில் சர்ஃபர் கண் என்றே அதற்குப் பெயர். கண் உறுத்தும், சிவக்கும், கருவிழியின் வளைவை இழுத்துப் பார்வையைக் கோணலாக்கும், பாவையை எட்டினால் மறைக்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 மீனவர்களைக் கண் மருத்துவர் ஹியூ டெய்லரும் சகாக்களும் 1980களில் ஆராய்ந்து, புற ஊதாக் கதிருக்கும் கண்புரை, டெரிஜியம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்கள். சென்னையையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து நடந்த ஆய்வில் நாற்பது வயது தாண்டியவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு இந்தச் சதை இருந்தது, கிராமத்தில் அதிகம். வெயிலில் உழைப்பவரின் நோய் இது. அலைச்சறுக்கு வீரர் அதை விளையாட்டாகத் தேடிக்கொள்கிறார்.

ஏன் மூக்குப் பக்கமே வளர்கிறது? சிட்னியின் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ தந்த விளக்கம் அழகானது. காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் கதிரைக் கருவிழியின் வளைவே பூதக்கண்ணாடி போலக் குவித்து, எதிர்ப்பக்கமான மூக்கோர விளிம்பில் சுமார் 20 மடங்கு செறிவோடு விழச் செய்கிறது. அங்கேதான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. கதிரால் அவை கெடும்போது வேலி உடைந்த வயலில் ஆடு நுழைவது போல வெண்விழியின் சதை உள்ளே வந்துவிடுகிறது. நேரே தெரியும் சூரியனை மட்டும் மறைக்கும் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதற்கு ஏன் போதாது என்பதற்கும் இதுவே விடை. பக்கம் மூடிய, வளைந்த கண்ணாடி வேண்டும். கறுப்பு நிறமோ போலரைஸ்டு என்ற சொல்லோ புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கு உறுதி தராது. அதைத் தடுக்கிறது என்ற தரக்குறிப்பு தனியாக இருக்க வேண்டும். வெறும் கறுப்புக் கண்ணாடி பாவையை விரியவைத்து நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்கில் உலர்ந்த மணல் 15 சதவீதம் வரையும் கடல் நுரை 25 சதவீதம் வரையும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. நுரைக்கு நடுவே மணிக்கணக்கில் பலகைமேல் உட்கார்ந்திருப்பவருக்குக் கதிர் மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறது. விளிம்புள்ள தொப்பி கண்ணுக்கு வரும் கதிரை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். தாடைக்கடியில் கட்டும் சர்ஃப் தொப்பி கண்ணாடியைவிடப் பழகுவதற்கு எளிது. அதைவிட எளிது, காலை பத்து மணிக்குள் கடலை விட்டு ஏறிவிடுவது. காற்று எழும்பாத அதிகாலைதான் நல்ல அலைக்கும் நேரம் என்பதால் இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. வளர்ந்த சதையை அறுவையில் அகற்றி, அந்த இடத்தில் கண்ணின் சொந்தச் சவ்வையே வைத்து ஒட்டும் முறை நன்றாகப் பலன் தருகிறது. ஆனாலும் பழையபடி வெயிலில் திரிந்தால் திரும்ப வளர்வதுண்டு.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கடலில் இறங்கும்முன் யோசிக்க வேண்டும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே நுண்ணுயிர் தங்கினால் புண்ணாகும். அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி பிடித்தால் மாதக்கணக்கில் மருந்து போட நேரும். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒருநாள் லென்ஸைப் போட்டு, கரையேறியதும் எறிந்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவித் திரும்பப் போடுவதும் ஆபத்து. லேசிக் என்ற லேசர் அறுவை செய்துகொண்டவர்கள் கருவிழியில் வெட்டித் திறந்து மூடிய மடிப்பு ஒன்று இருப்பதை மறக்கக் கூடாது. ஆண்டுகள் கழித்தும் பலத்த அடியில் அந்த மடிப்பு விலகியதாகப் பதிவுகள் உண்டு. அலைச்சறுக்கை விடமாட்டேன் என்பவர், மடிப்பில்லாத முறைகளைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. கழிவு கலந்த நீரும் கண்ணுக்கு ஆபத்து: பெருமழைக்குப் பின் கழிமுகங்களின் அருகே மூன்று நாள் கடலில் இறங்க வேண்டாம் என்று கலிஃபோர்னியாவின் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் முட்டுக்காட்டுக் கழிமுகம் கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

நம் கரையில் இந்த விளையாட்டு வேர்விட்டு அதிக காலம் ஆகவில்லை. சென்னையை அடுத்த கோவளத்தின் மீனவர் மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, அங்கே ஒரு பள்ளியே உருவானது. 2013இல் அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது. 2023இல் மாமல்லபுரத்தில் உலகத் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. வாரக்கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பலகை கட்டிப் போகும் வண்டிகள் இப்போது சாதாரணக் காட்சி. ஒரு வகையில் நமக்கு அதிர்ஷ்டம்: பெரும்பாலும் மணல்தரை, பவளப்பாறைகளில் காணும் ராட்சத அலைகளும் இல்லை. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை கோவளத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அவசரத்துக்கு எங்கே போவது என்று அலைச்சறுக்குப் பள்ளிகள் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டால் அரை மணி நேரம் மிச்சமாகும்.

புதிதாகக் கற்பவருக்கு உருண்ட முனையுள்ள நுரைப்பலகையும் வளையும் ரப்பர் ஃபின்களும் கொடுப்பது உலகெங்கும் பள்ளிகளின் வழக்கம். பணம் கட்டும்முன் பெற்றோர் அதைத் தொட்டுப் பார்த்துக் கேட்கலாம். சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில். கொஞ்சம் நிற்கத் தெரிந்ததும் பிள்ளைக்கு ஷார்ட்போர்டு மேல் ஆசை வரும். புதியது விலை அதிகம் என்பதால் கைமாறி வந்த பழைய ஃபைபர் பலகைதான் கிடைக்கும். அதன் முனை எங்கேயாவது மோதி நொறுங்கியிருப்பது சகஜம். உடைந்த ஃபைபர், புதிய முனையைவிடவும் மோசமாகக் கிழிக்கும். பழுது பார்ப்பவர் ரெசினும் துணியும் வைத்து முனையைத் திரும்பக் கட்டித் தருவார். சொல்லாவிட்டால் பழையபடியே ஊசியாக்கித்தான் தருவார். வேலைக்குக் கொடுக்கும்போதே ஒரு ரூபாய் நாணயத்தை முனையில் வைத்துக் காட்டி, வளைவு இதற்குக் குறையாமல் உருட்டித் தாருங்கள், மேலே உறையும் மாட்டுங்கள் என்று சொன்னால் அவருக்கும் கூடுதல் வேலை இல்லை. வாடகைக்குப் பலகை விடுபவர்கள் தங்கள் கொட்டகையில் இருக்கும் எல்லாக் கடினப் பலகைகளுக்கும் அடுத்த பருவம் தொடங்கும்முன் இதைச் செய்துவிட வேண்டும்.